கதவருகே ஒன்பது நிமிடம்

படத்தைப் பார்க்காமலே விமர்சனம் எழுதுகிறவர்கள் உலகத்தில் உண்டு. நான் அந்த ரகம் இல்லை. நான் பாதிப் படம் பார்த்துவிட்டு எழுதியவன். (பாதிதான் பார்த்திருக்கிறேன் என்பது எனக்கே தெரியாது என்பது வேறு விஷயம். அந்த வேறு விஷயம்தான் இந்தக் கட்டுரை.)

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். பிறந்து வளர்ந்ததும் அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்தான். ஆனால் உலக சினிமா என்னைப் பிடித்து ஆட்டிய காலம் அது. அந்தக் காலத்தில் நான் பேசிய பேச்சை என் மனைவி செல்வி இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். தேத்தண்ணியில் சீனி குறைவென்றால் சீனி குறைவு என்று சொல்லமாட்டேனாம். ஒரு வாய் குடித்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "இதில் ஒரு வெறுமை இருக்கிறது" என்பேனாம். (அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லக்கூடியவன்தான்.)

பதுளையில் எங்களுக்கு ஒரு திரைப்பட வட்டம் இருந்தது. மாதம் ஒருமுறை ஒரு டியூஷன் கொட்டகையில் கூடுவோம். தலைவர் சிவபாதம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், பௌதிகம் கற்பிக்க இங்கே வந்து, குளிர் பிடித்துப்போய் இங்கேயே ஓய்வு பெற்றவர். ஒருநாள் அவர் என் கையில் ஒரு பென்டிரைவைத் திணித்தார்.

"ஐசே, இது ஈரான் படம். வெளிநாட்டுக்காரர் எல்லாரும் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்கள். எங்கட சஞ்சிகைக்கு நீர்தான் எழுத வேணும்."

நீர்தான்! அந்த ஒரு சொல்லின் மயக்கத்தில் நான் அன்று பதுளையிலிருந்து பசறைவரை பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தது எனக்குத் தெரியவே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம். செல்வி மகளைக் கூட்டிக்கொண்டு ஹாலிஎலயில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வெளியே மழை. பாடசாலை லெப்டொப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவைச் சாத்தி, படத்தைப் போட்டேன். அந்த லெப்டொப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது மூச்சுவிடும். பத்து நிமிடம் ஓடினால் அதற்குள் இருக்கும் காற்றாடி, மலையேறி வந்த கிழவரைப்போல இரைக்கத் தொடங்கும்.

படம் என்னை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது. மலைச்சரிவில் ஒரு கிராமம். ஒரு விதவை தனியாக இருக்கிறாள். கணவன் கட்டிய வீடு. அதிகம் பேச்சில்லை. சுவரில் ஒரு விரிசல். காலையில் எழுந்ததும் அந்த விரிசலுக்குள் ஒரு விரலை வைத்துப் பார்க்கிறாள். சில நாள் கழித்து இரண்டு விரல். ஊற்றில் தண்ணீர் எடுக்கப் போகிறாள், தண்ணீர் கலங்கியிருக்கிறது. முற்றத்து மரம் கொஞ்சம் சாய்ந்தாற்போல் இருக்கிறது. ஒரு காலை, கதவருகே வந்து தாழ்ப்பாளை நீக்கி, கதவில் கை வைக்கிறாள்.

வைத்தவள் அப்படியே நின்றாள்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அசைவே இல்லை! கண்ணிமைகூட அசையவில்லை! எப்படிப்பட்ட நடிகை! பின்னணியில் எங்கோ தொலைவில் காற்று இரைகிற ஓசை மட்டும். (காற்றாடி.) நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று, ஐந்து, ஏழு. மவுஸைத் தொட்டிருந்தால் அதுவும் அசைந்திருக்காது. ஆனால் அப்படியொரு கணத்தில் மவுஸைத் தொடுகிற ஆள் நானில்லை. சரியாக ஒன்பதாவது நிமிடத்தில் திரை சட்டென்று இருண்டது. காற்றும் நின்றது. (பற்றரி தீர்ந்தது.)

நான் எழுந்து நின்றேன். தனியாக, எங்கள் வீட்டு முன்னறையில், கை தட்டினேன்.

இரண்டாம் முறை நான் அதைப் பார்க்கவில்லை. ஒரு பேரனுபவத்தை மறுபடியும் தொடக்கூடாது என்பது அப்போது என் கொள்கை. சோம்பலுக்கு இவ்வளவு அழகான பெயர் வேறு எங்கும் கிடைக்காது.

அன்றே எழுத உட்கார்ந்தேன். தலைப்பு: 'உலக சினிமாவின் மிக நீண்ட தயக்கம்.' சுவர் விரிசல் நவீன மனிதனின் அகப்பிளவு என்று எழுதினேன். கலங்கிய ஊற்று, நினைவின் கலக்கம். சாய்ந்த மரம், சரிந்துவரும் ஆணாதிக்கம். கதவு? கதவுக்கு மட்டும் நான்கு பக்கம். திறப்பதா வேண்டாமா என்று ஒரு பெண் ஒன்பது நிமிடம் நிற்பது, மனித குலமே ஒரு வாசலில் நிற்பது. முடிவில் தன் பெயரைக்கூடத் திரையில் போட்டுக்கொள்ளாத இயக்குநரின் அடக்கத்தைத் தனியாகப் பாராட்டியிருந்தேன்.

வந்ததே வரவேற்பு! சிவபாதம் சேர் தொலைபேசியில் தழுதழுத்தார். "தம்பி, அந்த ஒம்பது நிமிசம்… நான் அழுதிட்டன். பொய் சொல்லேல்ல." பண்டாரவளையிலிருந்து ஒரு விரிவுரையாளர் கடிதம் எழுதினார்: கட்டுரை அருமை, ஆனால் அது ஒன்பது நிமிடம் அல்ல, தாம் கடிகாரம் வைத்துப் பார்த்ததில் பதினொன்று. இன்னொருவர் மறுப்புக் கட்டுரையே எழுதினார்: ஒன்பது நிமிடம் போதாது, இயக்குநர் சமரசம் செய்துகொண்டுவிட்டார். வட்டத்தின் அடுத்த இரண்டு கூட்டமும் அந்தக் கதவைப் பற்றித்தான். அவள் கை வைத்தது வலது கையா இடது கையா என்பதில் இரண்டு கட்சி உருவாகி, ஒருவரோடொருவர் தேத்தண்ணி குடிக்காத நிலைவரை போனது.

இந்தச் சத்தம் கொழும்புக்கும் எட்டியது. ஒரு ஞாயிறு இதழின் ஆசிரியர் (அவர் ஒரு அம்மையார், அதிகம் சிரிக்காதவர்) என்னை அழைத்தார். வாராவாரம் சினிமாப் பகுதி எழுத ஆள் தேடுகிறாராம். "உங்க கட்டுரை நல்லா இருந்துச்சு. ஆனா ஒரு விஷயம். தோட்டத்து மக்கள் இந்தப் படத்தை எப்படிப் பார்ப்பாங்கன்னு நான் நேர்ல பார்க்கணும். நீங்களே உங்க தோட்டத்துல ஒரு காட்சி போடுங்க. நான் வர்றேன். பிறகு முடிவு பண்ணுவோம்."

வாராவாரம்! என் பெயரில்! நாடு முழுக்க! அடுத்த நாளே பதுளைக்குப் போய் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டேன். கையைத் தாடையில் வைத்து, தூரத்தில் எதையோ பார்க்கிற மாதிரி. (தூரத்தில் இருந்தது குளிர்பான விளம்பரம்.) செல்வி அதைப் பார்த்துவிட்டு, "பல்லு வலியா?" என்றாள்.

எனக்கிருந்த ஒரே பயம், தோட்டத்துச் சனம். இவர்கள் சத்தம் போட்டு, நடுவில் எழுந்து போய், என் மானத்தை வாங்கிவிடுவார்களே! காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லாரும் கூடிநிற்கிற நேரம், கங்காணி என் சார்பில் அறிவித்தார்:

"ஞாயித்துக்கெழம ரெண்டு மணிக்கு மாஸ்டர் இஸ்கோல்ல வெளிநாட்டுப் படம் போடுறாரு. சண்ட இல்ல, பாட்டு இல்ல. அப்பறம் எங்கிட்ட வந்து கேக்கக் கூடாது."

கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே ராக்காயி அக்கா என்னிடம் வந்தார். எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவர். நான் மூக்கொழுகித் திரிந்ததை நேரில் பார்த்தவர், அதை மறக்காதவர்.

"தம்பி, படத்துல என்னா நடக்குது?"

"ஒண்ணும் நடக்காதுக்கா. அதுதான் அதோட சிறப்பே."

"அதப் பாக்கவா ஞாயித்துக்கெழம வரச் சொல்ற? ஒண்ணும் நடக்காதத நான் தெனமும் மலையில பாக்குறேனே!"

ஆனாலும் வந்தார்கள். நூறு பேருக்குக் குறையாது. பாடசாலை மண்டபம் நிரம்பி, ஜன்னலிலும் தலைகள். முன்வரிசையில் இதழாசிரியர் அம்மையார், சிவபாதம் சேர், பதினொரு நிமிட விரிவுரையாளர். புரொஜெக்டர் கொண்டுவந்தவர் பசறையில் வீடியோ கடை வைத்திருந்த ரிஸ்வான் நானா. படத்தைச் செருகியவர் என் காதருகே குனிந்தார்.

"சேர், இது ஒரு மணித்தியாலம் நாப்பத்தாறு நிமிஷம்னு காட்டுதே. நீங்க ஒரு மணித்தியாலத்துல முடியும்னு சொன்னீங்க?"

எவ்வளவு நல்ல மனிதர்! என்னைக் காப்பாற்ற ஆண்டவன் அனுப்பிய ஆள். நான் அவர்மேல் பரிதாபப்பட்டுப் புன்னகைத்தேன்.

"பின்னால இயக்குநரோட பேட்டி இருக்கும் நானா. அந்த மாதிரிப் படங்களுக்கு வைப்பாங்க."

"ஆ," என்றார் அவர்.

பிறகு நான் பேசினேன். நாற்பது நிமிடம். இத்தாலியில் தொடங்கி, பிரான்சு வழியாக, ஈரானுக்கு வந்து சேர்ந்தேன். கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "இறுதிக் காட்சியில் ஒரு பெண் கதவில் கை வைத்து நிற்பாள். ஒன்பது நிமிடம். நான் கையைத் தூக்குவேன். அப்போது யாரும் இருமக்கூடக் கூடாது."

படம் தொடங்கியது. திரையில் ஓடும் ஆங்கில வரிகளை மைக்கில் தமிழில் சொல்வது என் ஏற்பாடு. முதல் அரைமணி நேரம் எல்லாம் என் கட்டுரைப்படியே நடந்தது. சனமும் அமைதியாக இருந்தது. அவள் ரொட்டி சுடும்போது மட்டும், மாவு தண்ணியாகிவிட்டது என்று பின்வரிசையில் ஒரு கருத்து வந்தது.

பிறகு விரிசல் வந்தது. அவள் அதில் விரல் வைத்தாள்.

"இந்த விரிசல்," என்றேன் மைக்கில், "நவீன மனிதனின் அகப்பிளவைக் காட்டுகிறது."

"செவரு வெடிச்சிருக்குடி," என்றார் ராக்காயி அக்கா, மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கும்படி.

ஒரு சலசலப்பு. இரண்டு விரல் வந்தது. சலசலப்பு கூடியது. ஊற்றுத் தண்ணீர் கலங்கியது.

"ஐயோ, ஊத்து கலங்கிருச்சு!"

"மரத்தப் பாருங்கடி, மரத்த! கீழ்ப்பக்கமா சாயுது!"

"அங்க என்னா பண்ணிக்கிட்டிருக்கா இவ? புள்ளைகுட்டி இல்லாதவதான, துணிய எடுத்துக்கிட்டு எறங்க வேண்டியதுதான!"

"அமைதி! அமைதி!" என்றேன். "தயவுசெய்து இதையெல்லாம் நேரடியாகப் பார்க்காதீர்கள்!"

"வேற எப்புடிப் பாக்குறது?" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல் கேட்டது. இன்றுவரை எனக்கு அதற்குப் பதில் தெரியாது.

அவள் கதவருகே வந்தாள். தாழ்ப்பாளை நீக்கினாள். நான் ஒரு கையை உயரத் தூக்கினேன். மறுகையின் கடிகாரத்தில் கண்ணைப் பதித்தேன். அவள் கதவில் கை வைத்தாள்.

மண்டபத்தில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"கதவு இறுகிருச்சு! நெலை சாஞ்சிருச்சு!"

"தள்ளு தாயி! தோள்பட்டைய குடுத்துத் தள்ளு!"

அவள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கதவு பெயர்ந்து திறந்தது. அவள் வெளியே பாய்ந்து ஓடினாள். நூறு பேரும் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். சிலர் அழுதார்கள். நான் மட்டும் ஒரு கையை உயர்த்தியபடி, மறுகையின் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். இரண்டு வினாடி. உலக சினிமாவின் மிக நீண்ட தயக்கம் இரண்டே வினாடி!

ரிஸ்வான் நானா மெதுவாகச் சொன்னார்: "சேர், பேட்டி தொடங்கிட்டு போல."

இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் மீதி இருந்தது. இதுவரை பார்த்திராத ஒரு படத்துக்கு, நாட்டிலேயே அதை அதிகம் அறிந்தவன் என்ற பெயரோடு, கையில் மைக்குடன் நிற்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லப் பார்க்கிறேன். காது இரண்டும் அடுப்புக்கட்டி மாதிரி சுட்டது. நான் ஒரு வரியை வாசிப்பதற்குள் மூன்று வரி ஓடியது. "அவள்… யாரோ ஒருவரிடம்… எதையோ…" என்று தடுமாறிக்கொண்டிருந்தேன்.

"தம்பி," என்றார் ராக்காயி அக்கா, ரொம்ப அன்பாக. "மைக்க ஓரமா வச்சிட்டு ஒக்காரு. எங்களுக்கு வெளங்குது."

உட்கார்ந்தேன். சிவபாதம் சேர் காலில் போட்டிருந்த சப்பாத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். விரிவுரையாளர் என் கண்ணைத் தவிர்ப்பதற்காகச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு அறிவித்தலை மும்முரமாக வாசித்துக்கொண்டிருந்தார். வாசித்து முடித்தவர், மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் அது என்ன அறிவித்தல் என்று உறைத்தது.

'மண்சரிவுக்கான முன்னறிகுறிகள். ஒன்று, சுவரிலும் நிலத்திலும் வெடிப்புகள். இரண்டு, ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல். மூன்று, மரங்கள் சாய்தல். நான்கு, கதவு, ஜன்னல்கள் இறுகித் திறக்க முடியாமற்போதல். உடனே வெளியேறுங்கள்.'

மழைக்காலத்துக்கு முன் அதிகாரிகள் வந்து விளக்கியதைக் கேட்டு, பெரிய தாளில் எழுதி ஒட்டியது. எழுதியது நான். என் கையெழுத்து. 'உடனே வெளியேறுங்கள்' என்பதன் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தேன்.

அதன்பிறகுதான் நான் அந்தப் படத்தை முதன்முறையாகப் பார்த்தேன். அவள் வீடுவீடாக ஓடுகிறாள். சிலர் நம்புகிறார்கள், சிலர் கோபப்படுகிறார்கள். மலை இறங்குகிறது, அது காட்டப்படுவதில்லை, எதிர்மலையில் நின்று பார்க்கிறவர்களின் முகம் மட்டும்தான். எங்கள் மண்டபத்தில் ராக்காயி அக்கா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். அவருடைய தங்கை வாழ்க்கைப்பட்டது, மலை சரிந்து லயங்களை மூடிய மீரியபெத்தையில். அதற்குமேல் நான் எழுத வேண்டியதில்லை.

கடைசிக் காட்சியில், மண்ணிலிருந்து தோண்டி எடுத்த அந்தக் கதவை நிலையோடு தூக்கிக்கொண்டு அவள் சமதரையில் ஒரு புது இடத்துக்கு வருகிறாள். சுவர் இல்லை, கூரை இல்லை. நிலையை மட்டும் நிறுத்தி, கதவைத் திறக்கிறாள், மூடுகிறாள், திறக்கிறாள். அவ்வளவுதான். பிறகு பெயர்கள் ஓடின. இயக்குநரின் பெயர் எல்லாவற்றுக்கும் முதலில், கொட்டை எழுத்தில்.

இதழாசிரியர் அம்மையார் எழுந்து சனத்தின் பக்கம் திரும்பினார். "படம் எப்படி இருந்துச்சு? யாராவது சொல்லுங்க."

ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். கடைசியில் ராக்காயி அக்கா எழுந்தார்.

"புது எடத்துல கதவு நல்லாத் தொறக்குதுங்க. அது போதும்."

நான் பதினாறு பக்கம் எழுதியிருந்தேன். அந்த அம்மையார் தன் குறிப்பேட்டில் ராக்காயி அக்கா சொன்னதை எழுதிக்கொண்டு, பேனாவை மூடினார்.

வெளியே வாகை மரத்தடியில் சிவபாதம் சேர் என் தோளில் கை வைத்தார்.

"ஐசே, உண்மையச் சொல்லும். நீர் படம் பாத்தனீரோ?"

"பாதி, சேர். லெப்டொப் இறுகிப்போச்சு. நீங்க?"

அவர் மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் உம்மட விமர்சனத்தப் பாத்தனான்."

"அழுதேன்னு சொன்னீங்களே, சேர்."

"ஓம், அழுதனான்தான். நீர் நல்லாத்தானே எழுதியிருந்தீர்."

அம்மையாரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன்: காற்றாடி, பற்றரி, தனியாகக் கைதட்டியது, தாடையில் கைவைத்த புகைப்படம்வரை. அதிகம் சிரிக்காதவர் என்று சொன்னேனல்லவா? அன்று பாடசாலை வாசற்படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், சினிமாப் பகுதியை உங்ககிட்டத் தர முடியாது. ஆனா இப்ப சொன்னீங்களே, இதை இப்படியே எழுதித் தருவீங்களா?"

எழுதினேன். அதைப் படித்துவிட்டு இன்னொன்று கேட்டார். பிறகு இன்னொன்று. இப்படித்தான் நான் நகைச்சுவை எழுத்தாளன் ஆனேன். ஞாயிறுதோறும் என் முட்டாள்தனங்களுக்கு மேலே அந்தப் படம் வருகிறது, கையைத் தாடையில் வைத்தபடி. இப்போது அதைப் பார்த்தால் எனக்கும் பல்வலி மாதிரித்தான் தெரிகிறது.

வீட்டில் இது முடிந்துபோன கதை இல்லை. தொலைக்காட்சி தடைப்பட்டு உறைந்தால் என் மகள் எழுந்து நின்று கைதட்டுவாள். நான் கடையில் எதையாவது வாங்க யோசித்தால், "ஒம்பது நிமிஷம் ஆச்சுங்க," என்பாள் செல்வி. ஐப்பசி மழை தொடங்கினால் மட்டும் யாரும் கேலி செய்வதில்லை. காலையும் மாலையும் யாராவது ஒருவர் முன்கதவைத் திறந்து மூடிப் பார்ப்போம். சரியாகத் திறந்தால் செல்வி, "நல்லாத் தொறக்குது," என்று பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும்படி சொல்வாள். அங்கிருந்து ராக்காயி அக்காவும் பதில் சொல்வார்: "இங்கயுந்தான்."

போன வருடம் விடாமல் மூன்று நாள் பெய்தது. மூன்றாம் நாள் மத்தியானம் நான் கதவில் கை வைத்தேன். திறக்கவில்லை.

நான் யோசிக்கவில்லை. தோளைக் கொடுத்து இடித்தேன். கதவு பிய்த்துக்கொண்டு திறக்க, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு முற்றத்துச் சேற்றில் போய் விழுந்து, "எல்லாரும் வெளிய வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். லயம் முழுவதும் மூட்டை முடிச்சோடு ஐந்தே நிமிடத்தில் பாடசாலைக்கு ஏறியது. அதிகாரிகள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, மலைக்கு ஒன்றுமில்லை, மழையில் கதவு மரம் ஊறிப் பருத்திருக்கிறது என்றார்கள்.

நனைந்த சனத்தில் ஒருவர்கூட என்னை ஏசவில்லை. மண்டபத்தில், என் கையெழுத்து ஒட்டியிருந்த சுவருக்குக் கீழே, தேத்தண்ணியை என் கையில் கொடுத்து ராக்காயி அக்கா சொன்னார்:

"ரெண்டு செக்கன்தான் தம்பி. எங்க வாசல்ல நின்னு ஒங்க கதவப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இந்தத் தடவ படத்த முழுசாப் பாத்துட்ட."